பெயின்ட் ஏன் தோலா உரியுது? சமையலறைக் கதவுகள் பத்தி வந்த ஒரு கேள்வி

வணக்கம். இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. இன்னைக்கு அத மட்டும் எடுத்துக்கலாம். கேள்வி இதுதான்: "எங்க சமையலறை அலமாரிக் கதவெல்லாம் மைக்கா ஒட்டினது. நானே பெயின்ட் அடிச்சேன். முதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், அப்புறம் சோப்புத் தண்ணியில துடைச்சேன், பிரைமரும் அடிச்சேன். மூணே மாசத்துல கைப்பிடிக்குப் பக்கத்துல நகம் பட்டாலே தோல் மாதிரி உரிஞ்சு வருது. மட்டமான பெயின்ட் வாங்கிட்டேனா? அடுத்து எதை வாங்கணும்? அடுப்படி பழசாத் தெரியுதேன்னுதான் இந்த வேலையிலயே இறங்கினேன்."

இதுல 'தோல் மாதிரி'ன்னு எழுதினாங்க பாருங்க, பாதிப் பதில் அதுலயே இருக்கு. பெயின்ட் மாவு மாதிரி உதிர்ந்தா பெயின்ட்டையே சந்தேகப்படலாம். தோலா, ஒரே ஏடா உரிஞ்சு வந்தா பெயின்ட் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். தனக்குள்ள கெட்டியா சேர்ந்திருக்கு. அடியில இருக்கிறதத்தான் பிடிக்கல. அதனால இன்னும் உசந்த பெயின்ட் வாங்கினா இன்னும் உறுதியான தோலா உரியும், அவ்வளவுதான்.

நான் வழக்கமாச் சொல்றத இங்கயும் சொல்லிடறேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கணும். பெயின்ட் கதவுல ஒட்டறதில்ல. கதவு மேல என்ன படிஞ்சிருக்கோ அதுல ஒட்டுது. டைல்ஸ் இடுக்கு பத்திப் பேசினப்பவும் இதத்தான் சொன்னேன், சுவர்க் கறை பத்திப் பேசினப்பவும் இதேதான்.

உரிஞ்சு வந்த அந்தத் துண்டத் தூக்கிப் போடாதீங்க. திருப்பிப் பின்பக்கத்தப் பாருங்க. பின்பக்கம் பிரைமர் நிறம் இருந்து, கதவுல மைக்கா பளிச்சுன்னு தெரிஞ்சா, பிரைமர் மைக்காவப் பிடிக்கல. பின்பக்கம் பெயின்ட் நிறமே இருந்து, பிரைமர் கதவுலயே நின்னுட்டா, பிரைமருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுலதான் கோளாறு: ஒண்ணு பிரைமர் அடிச்சுப் பல நாள் விட்டு அதுல தூசியும் புகையும் படிஞ்சிருக்கும், இல்ல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத வகையா இருக்கும். மூணாவது, பின்பக்கத்துல பழைய பெயின்ட்டும் சேர்ந்து வந்தா, ஏற்கனவே ஆடிக்கிட்டு இருந்தது மேல அடிச்சிருக்கீங்க. உங்களுது மைக்காங்கிறதால, நீங்க சொன்ன வரிசையையும் வெச்சுப் பார்த்தா, அநேகமா முதல் வகை.

வரிசைன்னு சொன்னேன்ல. "முதல்ல உப்புத்தாள், அப்புறம் சோப்பு"ன்னு எழுதியிருக்கீங்க. அது தலைகீழ். உப்புத்தாள் போடுற கீறல்தான் பிரைமருக்குப் பிடிமானம். பிசுக்கு இருக்கும்போதே தேய்ச்சா, அந்தக் கீறலுக்குள்ள பிசுக்கையே திணிச்சு அடைச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் சோப்பு போட்டாலும் மேலோட்டமா வருமே ஒழிய, பள்ளத்துல இருக்கிறது வராது. எப்பவும் முதல்ல பிசுக்கு, அப்புறம்தான் உப்புத்தாள்.

இன்னொண்ணு, பாத்திரம் கழுவுற சோப்பு எல்லாப் பிசுக்கையும் எடுக்காது. சமைக்கும்போது எழும்புற எண்ணெய், ஆவியோட போய்க் கதவுல மெலிசாப் படியுது. புதுசா இருக்கிறவரைக்கும் அது எண்ணெய், சோப்புக்கு வந்துடும். ஆனா சூடும் காத்தும் பட்டுப் பட்டு அது பிசினா மாறிடும். ஆளி விதை எண்ணெய் காஞ்சு வார்னிஷ் மாதிரி ஆகுதில்லையா, அதே சங்கதிதான். விரல்ல தொட்டா லேசா ஒட்டும், மஞ்சளா இருக்கும். அதுக்குக் காரம் வேணும். சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். சமையல் சோடா இல்ல, அது இந்த வேலைக்குப் பத்தாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 2 மேசைக்கரண்டி. கையுறை போட்டுக்கோங்க. கீழேருந்து மேல தடவி, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, சொரசொரப்பான ஸ்பாஞ்சால தேய்ங்க. ஓரத்துக்கும் கைப்பிடித் துளையச் சுத்தியும் பழைய டூத்பிரஷ். அப்புறம் வெறும் தண்ணியில ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் தண்ணி மாத்தித் துடைங்க. சோடா மிச்சம் இருந்தா அதுவே பெயின்ட்டத் தள்ளும். அலுமினியக் கைப்பிடி, அலுமினிய ஃப்ரேம் எதுலயும் இது படக்கூடாது, கறுத்துடும். மரம், இல்ல வெனீர்னு சொல்ற மெலிசான மர ஏடு ஒட்டினதுன்னா இந்தக் கரைசலே வேண்டாம், நிறம் கறுக்கும், நார் எழும்பும்.

சுத்தம் ஆச்சான்னு எப்படித் தெரியும்? கதவோட உள்பக்கத்துல, கை படாத இடத்துல தண்ணியத் தெளிச்சுப் பாருங்க. அப்புறம் வெளிப்பக்கம் கைப்பிடிக்குப் பக்கத்துல தெளிங்க. ரெண்டு இடத்துலயும் தண்ணி ஒரே மாதிரி பரவணும். வெளிப்பக்கம் மட்டும் முத்து முத்தா திரண்டு நின்னா பிசுக்கு இன்னும் இருக்கு, திரும்பத் தேய்ங்க. வெளிப்பக்கத்த வெளிப்பக்கத்தோடயே ஒப்பிட்டா ஏமாந்துடுவீங்க.

அது நல்லாக் காஞ்சப்புறம் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாள். மைக்காவத் தேய்ச்சு எடுக்கறது நோக்கமில்ல, மினுமினுப்பு போய் மங்கலானா போதும். சாய்வா வெளிச்சம் அடிச்சுப் பாருங்க, எங்கயாவது பளபளப்புத் திட்டு இருந்தா அந்த இடம்தான் நாளைக்கு உரியும். தூசியத் துடைச்சு, கடைசியா ஸ்பிரிட் (ஆல்கஹால் வகை) நனைச்ச துணியால ஒரு தடவை. அந்த நேரம் அடுப்பும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கணும். பழைய பெயின்ட் மேல அடிக்கறவங்க இத அப்படியே செய்யாதீங்க: ரொம்பப் பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பிருக்கு, அத உலர்ந்தபடி தேய்ச்சுத் தூசி கிளப்பக்கூடாது. அதுபோக, ஸ்பிரிட் சிலவகைப் பெயின்ட்டக் கரைச்சுடும்.

பிரைமர் அடிச்சேன்னு சொல்றீங்க, எந்தப் பிரைமர்? சுவருக்கு அடிக்கறதும் மரத்துக்கு அடிக்கறதும் உறிஞ்சுற பரப்புக்கானது. மைக்கா எதையும் உறிஞ்சாது. டப்பாவுல லேமினேட் (நம்ம மைக்காதான்), டைல், கண்ணாடி மாதிரி வழுவழுப்பான பரப்புல பிடிக்கும்னு எழுதியிருக்கணும், பிடிமானப் பிரைமர்னு கேளுங்க. இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. மேல அடிக்கற பெயின்ட்ல மிச்சம் பிடிச்சாக்கூடப் பரவாயில்ல. எம்.டி.எஃப்., அதாவது மர நாரப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகை, அந்தக் கதவா இருந்தா வெட்டுன ஓரம் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும், அங்க மட்டும் ரெண்டு கோட் பிரைமர். ஓரம் ஏற்கனவே தண்ணி குடிச்சு உப்பியிருந்தா பெயின்ட் அத மறைக்காது. அந்தக் கதவ மாத்தறதுதான் வழி.

அளவு கேக்கறவங்களுக்கு: 45-க்கு 70 சென்டிமீட்டர் கதவு ஒரு பக்கம் 0.315 சதுர மீட்டர். 12 கதவு, ரெண்டு பக்கம், ரெண்டு கோட் போட்டா ஏறக்குறைய 15 சதுர மீட்டர். ஒரு லிட்டருக்கு 10 சதுர மீட்டர்னு வெச்சா ஒன்றரை லிட்டர். முன்பக்கம் மட்டும்னா ஒரு லிட்டரே மிஞ்சும். 4 அங்குல ரோலர், மெலிசான கோட். தடிமனா ஒரே கோட்ல முடிக்கப் பார்த்தா மேல ஆடை கட்டும், உள்ள பச்சையாவே இருக்கும். ரெண்டு கதவுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியே 2, 3 மில்லிமீட்டர்தான், ஓரத்துல பெயின்ட் தடிச்சா கதவு உரசி அங்கயும் உரியும்.

கதவக் கழட்டி அடிங்க. எந்தக் கதவு எங்கன்னு குழம்பாம இருக்க, கீலோட கிண்ணம் உக்காருதே, அந்த 35 மில்லிமீட்டர் பள்ளத்துக்குள்ள பென்சில்ல நம்பர் எழுதி மேல டேப் ஒட்டிடுங்க. மார்க்கர்ல எழுதாதீங்க, அந்த மை எந்தப் பெயின்ட்டையும் தாண்டி மேல எட்டிப் பாக்கும்.

சரி, கைப்பிடி. ஏன் அங்க மட்டும் முதல்ல உரியுது? அங்கதான் விரல் எண்ணெய் அதிகம், அதனால பழைய பிசுக்கும் அங்கதான் அதிகம். அதோட இன்னொரு காரணம், காயறது வேற, இறுகறது வேற. தொட்டா கையில ஒட்டலைங்கறது ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல வந்துடும். அடுத்த கோட்டுக்கு, டப்பாவுல போட்டிருக்கிறபடி நாலு மணி நேரமோ ராத்திரி முழுக்கவோ. ஆனா முழுசா இறுக ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகும். மறுநாளே கதவ மாட்டி, ஈரக்கையால பிடிச்சு இழுத்தா, அந்த இளம்பெயின்ட் கைப்பிடி ஓரத்துலதான் முதல்ல தூக்கும். அந்த நாலு வாரமும் கதவ ஈரத்துணியால தேய்க்க வேண்டாம், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல சின்ன ரப்பர் பொட்டு ஒட்டுங்க, இல்லைன்னா ரெண்டும் ஒட்டிக்கிட்டு பிரிக்கும்போது பிய்யும்.

இப்ப உங்க கதவ என்ன செய்யறது? எல்லாத்தையும் சுரண்டணுமான்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்கு. பெயின்ட் தொழிற்சாலையில செய்யற குறுக்குவெட்டுச் சோதனைதான், ஐ.எஸ்.ஓ. 2409-னு அதுக்குத் தரவிதியே உண்டு. வீட்டுக்கு இவ்வளவு போதும்: உரியாத இடத்துல புது பிளேடால 2 மில்லிமீட்டர் இடைவெளியில ஆறு கோடு, குறுக்க ஆறு கோடு. 25 சின்னக் கட்டம் கிடைக்கும். மேல நல்ல ஒட்டுநாடாவ அழுத்தி ஒட்டி, அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒரே இழுப்பா எடுங்க. ஒண்ணு, ரெண்டு கட்டத்தோட மூலை உதிர்ந்தா பயமில்ல. கட்டம் கட்டமா டேப்போட வந்தா அந்தக் கதவு முழுக்கப் போச்சு. இதக் கைப்பிடிக்கு ஒரு ஜாண் தள்ளிச் செய்ங்க. உள்பக்கம் செஞ்சா பாஸ் ஆயிடும், பிரயோஜனமில்ல.

கைப்பிடியச் சுத்தி மட்டும்தான் போயிருக்குன்னா, பெயின்ட் கெட்டியா நிக்கற எல்லை வரைக்கும் பிளாஸ்டிக் சுரண்டியால எடுத்து, ஓரத்த 180-ல சாய்வாத் தேய்ச்சு இறக்கிட்டு, நான் சொன்ன வரிசையில திரும்பப் போங்க. முழுக்கப் போயிருந்தா வருத்தப்படாதீங்க, தோலா உரியற பெயின்ட் சுலபமா வந்துடும். ஹீட் கன் வெச்சா மட்டும் குறைஞ்ச சூட்டுல, ஒரே இடத்துல நிறுத்தாம ஓட்டுங்க. மைக்கா அடியில இருக்கிற பசையும் சூட்டுக்கு இளகும். முழுசா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கதவ முடிச்சு, ஏழு நாள் கழிச்சு இதே கட்டச் சோதனை போட்டுப் பாருங்க. அந்த ஒரு வாரம் பொறுமையா இருக்கறவங்க ரொம்பக் கம்மி, அதான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது.

இப்ப கடைசி வரிக்கு வரேன். "அடுப்படி பழசாத் தெரியுது." எனக்கு இந்தக் கேள்வியத்தான் முதல்ல கேட்டிருக்கணும்னு தோணுது. பழசாத் தெரியறதுக்குக் கதவு நிறம்தான் காரணமா? பல சமையலறையில விளக்கு கூரை நடுவுல ஒண்ணு. மேடைக்கு முன்னாடி நின்னா உங்க முதுகு வெளிச்சத்த மறைக்குது, மேல் அலமாரி சுவர மறைக்குது. வேலை செய்யற இடம் முழுக்க நிழல். அந்த நிழல்ல எந்த நிறம் அடிச்சாலும் அழுக்காத்தான் தெரியும்.

மேல் அலமாரிக்கு அடியில எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓட்டுங்க. சுவரோரமா ஒட்டாதீங்க, முன் விளிம்பு பக்கமா ஒட்டுங்க, அப்பதான் மேடை மேல வெளிச்சம் விழும். வெளிச்சத்தோட நிறம் 3000-லருந்து 4000 கெல்வின், நிறம் காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல. பளபளன்னு டைல்ஸ் இருந்தா புள்ளி புள்ளியா பிரதிபலிக்கும், அதுக்குப் பால் நிற மூடி போட்ட அலுமினியச் சட்டம். மீட்டருக்கு 10 வாட், ரெண்டரை மீட்டர்னா 25 வாட். டிரைவர், அதாவது ஸ்ட்ரிப்புக்கு ஏத்தபடி மின்சாரத்த மாத்திக் கொடுக்கற பெட்டி, அதைவிட அஞ்சுல ஒரு பங்கு கூடுதலா, 30 வாட் வேணும். டிரைவர் அடுப்புக்கு மேலயும் வேண்டாம், சின்க் பக்கமும் வேண்டாம். மெயின் லைன் இணைப்ப எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும்.

அடுத்து கைப்பிடி, இது உங்க பெயின்ட்டுக்கும் மருந்து. சின்னக் குமிழா இருந்தா ஒவ்வொரு தடவையும் விரல் கதவுல பட்டே தீரும். கதவுலருந்து 25, 30 மில்லிமீட்டர் தள்ளி நிக்கற நீளக் கைப்பிடியா இருந்தா விரல் பெயின்ட்டத் தொடவே தொடாது. இப்ப ரெண்டு துளைக் கைப்பிடி இருந்தா, துளை நடுவுலருந்து துளை நடு வரைக்கும் அளங்க. 96, 128, 160, எல்லாம் 32-ஓட மடங்கா வரும். அதே அளவு வாங்கினா துளை போட வேண்டாம். 18 மில்லிமீட்டர் கதவுக்குப் பெரும்பாலும் எம்4 (4 மில்லிமீட்டர் தடிமன்), 25 மில்லிமீட்டர் நீள ஸ்க்ரூ சரியா வரும். அளவு மாறினா பழைய துளைய ரெண்டு பகுதி கலக்கற ஃபில்லரால அடைங்க, பின்பக்கம் டேப் ஒட்டிட்டு. சுவர்ப் புட்டி வேண்டாம், சுருங்கிப் பள்ளம் விழும். அந்த அடைப்பு வேலையும் பிரைமருக்கு முன்னாடியே முடியணும்.

ஸ்ட்ரிப்ப உடனே நிரந்தரமா ஒட்டணும்னு இல்ல. மாஸ்கிங் டேப்ல தொங்கவிட்டு ரெண்டு சாயங்காலம் அந்த வெளிச்சத்துல சமைச்சுப் பாருங்க. அப்புறமும் கதவுதான் கண்ண உறுத்துதுன்னா ஒரே ஒரு கதவக் கழட்டிக் கீழ வைங்க, சலவை சோடாவக் கரைங்க.