நூற்றுக்கு ஐந்தா, இரண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் முக்கூடலில் இருந்து ஓர் அம்மா, ப்ளஸ் டூ படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிறவர்கள். பையன் கையில் நாலாக மடித்த ஒரு தாள். அமெரிக்காவின் பேர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. பற்றிய விவரம். "நூத்துக்கு அஞ்சு பேருக்கு எடம் கொடுக்காங்க சார், எழுதிப் பாக்கலாம்லா?" என்றான். அம்மா பேசவில்லை. சேலை நுனியை விரலால் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்கள். பீடி சுருட்டுகிற அதே அசைவு.

அந்த ஐந்து, விண்ணப்பம் போட்ட எல்லாரையும் சேர்த்து எடுத்த கணக்கு. வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர்தான். வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு அங்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பையன் முகம் வாடிவிட்டது.

இது நமக்குப் புதுசு இல்லை என்று சொன்னேன். மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு. செங்கோட்டையில் படித்த பிள்ளையும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில் படித்த பிள்ளையும் ஒரே ரேங்க் வாங்கினாலும், திருச்சியில் இருவரும் நிற்கும் வரிசை வேறு. கோழிக்கோடு என்.ஐ.டி.யில் அது அப்படியே திரும்பும். அமெரிக்காவின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் இப்படித்தான்; வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் வெளி மாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் சேர்த்தே அதிகபட்சம் 18 சதவீதம்தான். இங்கிலாந்தில் மருத்துவ இடங்களில் வெளிநாட்டாருக்கு 7.5 சதவீதம். உள்ளூர்க்காரர் வரிப்பணம் போடுகிறார்கள், முதல் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் வருத்தமெல்லாம் பணம் பற்றியது. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, வெளிநாட்டுப் பிள்ளை உதவித்தொகை கேட்கிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. கேட்டால் வாய்ப்பு குறையும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களே அதைப் பார்க்காமல் சேர்த்து, தேவையான முழுப் பணத்தையும் கொடுக்கின்றன. பல வருடத்துக்கு முன்னால் என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இது தெரியாமல் எட்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடச் சொன்னேன். எட்டும் கைவிரித்தன. விண்ணப்பக் கட்டணம் கட்டியது அவன் அம்மாவின் கம்மலை அடகு வைத்து. அது இன்னும் என் மனதில் கிடக்கிறது. அதனால்தான் யார் வந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சரி, வெளிநாடு என்றாலே அடைத்த கதவா? ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் நமக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஒவ்வொரு செமஸ்டருக்கும் 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் காட்டி நேரே சேர்வது கஷ்டம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கும், இங்கே கல்லூரியில் ஒரு வருடமாவது படித்துத் தேறியவர்களுக்கும் வழி உண்டு. நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ வங்கியில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். இது சின்னத் தொகை இல்லை, கடன் வாங்கும் முன் யோசியுங்கள். அறிவியலில் முனைவர் பட்டம் என்றால் நிலைமை இன்னும் நல்லது. பெரும்பாலும் சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்தே எடுப்பார்கள். அமெரிக்காவில் பொறியியல் முனைவர் பட்டம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து போனவர்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். எம்.ஐ.டி.யையும் விடவில்லை, எழுதிக்கொண்டான். அதுவரைக்கும் பேசாமல் இருந்த அம்மா குனிந்து பார்த்துச் சொன்னார்கள்: "எய்யா, மொதல்ல திருச்சிய எழுதுய்யா."