சம்புநாத் தேயின் ஒரு கட்டுரை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு இங்கே வந்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே, நூலகர் அவர்களே, பட்டமேற்படிப்பு மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் தொடங்குவது தகாது. "யார் மனம் கோணும் என்று பார்க்காமல் பேசுங்கள்" என்று சொல்லித்தான் என்னை அழைத்தார். பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அரிது. கேட்ட பழைய ஆய்விதழ்களையெல்லாம் தேடி எடுத்துத் தந்த நூலகர் அவர்களுக்கும் என் நன்றி.

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரை எதை வைத்து எடைபோடுகிறோம்? அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியது எத்தனை முறை, அவை வெளிவந்த இதழ் எவ்வளவு பெரியது. இம்மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நான் போகுமிடமெல்லாம் சொல்லும் பழமொழி. பதம் பார்க்கிறவர் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார். தேர்வுக் குழுக்களோ பருக்கைகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன.

கொல்கத்தாவில் சம்புநாத் தே என்று ஒரு நோயியல் பேராசிரியர் இருந்தார். 1884-இல் ராபர்ட் கோக் அதே நகரில்தான் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்தக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் முடியவில்லை. தே என்ன செய்தார் தெரியுமா? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாமல் நீக்கிவிட்டு, அந்த வடிநீரை மட்டும் குடல் துண்டுக்குள் ஊசியால் செலுத்தினார். வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தால், அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருக்கிறது! பக்கத்தில் வெறும் திரவம் செலுத்திய துண்டு சுருங்கிக் கிடக்கிறது. நூல், ஊசி, வடிகட்டி, முயல். இவ்வளவுதான் கருவி. காலரா நோயாளியின் உடம்பு ஏன் ஒரே நாளில் வற்றிப்போகிறது என்ற கேள்விக்கு அந்த நூல்கட்டுக்குள் விடை இருந்தது. கிருமி இல்லை, ஆனாலும் குடல் நீரைக் கொட்டுகிறது. அப்படியானால் கொல்வது நஞ்சு.

இது 1959-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. உலகின் தலைசிறந்த இதழ். ஆனாலும் தொடக்கத்தில் அதைக் கவனித்தவர்கள் சிலரே. காலராவின் நஞ்சு 1969-இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. 1978-இல் நோபல் அறக்கட்டளை தன் காலராக் கருத்தரங்குக்குத் தேயை அழைத்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தேயின் பெயரையும் அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். நம் நாட்டு அறிவியல் அகாதெமிகள் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்க்கவில்லை. 1985-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, அந்தக் கட்டுரை காலரா ஆய்வில் ஒரு மைல்கல் என்று விரிவாக எழுதியவர் யார்? மேற்கோள்களை எண்ணும் முறையையே உலகுக்குத் தந்த யூஜீன் கார்ஃபீல்ட்!

இதழின் தாக்கக் காரணி என்பது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி. தாமதமாக விளைந்த தேயின் புகழுக்கு அந்தக் கணக்கில் இடமேது? 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் எச்-குறியீட்டை வகுத்தார். இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள் என்றால் குறியீடு இருபது. ஒருவர் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை உலகமே எடுத்தாண்டாலும் அவருடைய குறியீடு ஒன்றுதான். ஒரு சோறு பதம் என்று சொல்லும் நம் பழமொழிக்கு இதைவிட எதிரான கணக்கு உண்டா?

மேற்கோள் எல்லாம் பாராட்டும் அல்ல. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை, பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதை மறுத்து எழுதியவர்கள் குறித்ததும் மேற்கோள் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இதழ்களின் பெருமை பற்றி இன்னும் சொல்லலாம். அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. இரவெல்லாம் அவசரப் பிரிவில் நின்ற இளம் மருத்துவரிடம் பதவி உயர்வுக்குக் கட்டுரை எங்கே என்று கேட்கிறோம். பணம் கட்டினால் படிக்காமலே அச்சிடும் இதழ்கள் வாசலில் காத்திருக்கின்றன. அவரை அங்கே தள்ளுவது நம் எண்ணிக்கைப் பசிதான். இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் கூடிய அறிஞர்கள் அறிக்கையே எழுதினார்கள். எங்கள் கோரிக்கை அதைவிட எளியது. விண்ணப்பிப்பவர் தன் சிறந்த கட்டுரைகள் மூன்றை மட்டும் தரட்டும். தேர்வுக் குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் அவற்றைப் படித்து, என்ன கண்டார் என்று தன் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தப் பக்கத்தை விண்ணப்பித்தவரும் பார்க்க வேண்டும்.

இந்தக் கோரிக்கையை எழுதிய மனுவின் படிகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. பேராசிரியர்கள் மட்டுமல்ல, பட்டமேற்படிப்பு மாணவர்களும் கையெழுத்திடுங்கள். நாளை அந்தக் குழுக்களின் முன் நிற்கப்போகிறவர்கள் நீங்கள்தான். வணக்கம்.