மதிலுக்கு உள்ளே ஓர் ஊர்

நண்பர்களே, தெற்கு ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தில் நோர்ட்லிங்கன் என்றொரு சின்ன ஊர். பழைய ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு மதில், 2.7 கிலோமீட்டர். மேலே ஏறினால் கீழே இறங்காமலே ஊரை வலம் வந்துவிடலாம். நடைபாதைக்குக் கூரையும் உண்டு.

அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து பறித்த பள்ளம் அது; ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அகலம். அதற்குள்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது. வெகுகாலம் எரிமலை வாய் என்று நம்பினார்கள். 1960-இல் யூஜீன் ஷூமேக்கர், எட்வர்ட் சாவ் என்ற இரு புவியியலாளர்கள் இங்குள்ள பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். குவார்ட்ஸ் என்ற படிகக்கல் பேரழுத்தத்தில் நசுங்கினால் வருவது அது. எரிமலை வெடிப்புக்கு அந்த வலு கிடையாது. அதே பாறையை வெட்டித்தான் புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குள் நுண்ணிய வைரத் துகள்களும் உண்டு. (சுரண்டிப் பார்த்துப் பயனில்லை!)

சரி, மதிலுக்கு வருவோம். 1440-இல் நடந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். பக்கத்து ஓட்டிங்கன் பிரபுவிடம் காசு வாங்கிக்கொண்டு காவல்காரர்கள் இரவில் கோட்டைக் கதவைப் பூட்டாமல் விட்டார்களாம். ஒரு பன்றி வந்து அதில் முதுகைத் தேய்க்க, கதவு அசைந்தது. அதைப் பார்த்த ஒரு பெண் சத்தம் போட்டாள்: “ஸோ, க்ஸெல், ஸோ!” ‘அப்படியா சேதி, கூட்டாளி!’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை மெய்யோ பொய்யோ, தேவாலயக் கோபுரத்துக் காவலர் இன்றும் இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை அரை மணிக்கொரு தரம் அதையே கூவுகிறார்.

இந்தக் கூவலைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கோ மரியா ஹோல் நினைவுதான் வரும். 1589-க்குப் பின் பத்து வருடத்துக்குள் இவ்வூர் சூனியக்காரிகள் என்று 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பாலும் பெண்கள். காட்டிக்கொடுத்தவர்களும், விசாரித்தவர்களும், தீ மூட்டியவர்களும் மதிலுக்கு உள்ளேயே இருந்தவர்கள். சத்திரம் நடத்திய மரியாவை 1593-இல் பிடித்தார்கள். 62 முறை வதைத்தார்கள். ஒருமுறைகூட அவர் ஒப்புக்கொள்ளவில்லை; யார் பெயரையும் சொல்லவில்லை. அவருக்காகக் குரல் கொடுத்தது மதிலுக்கு வெளியே இருந்த உல்ம் நகரம். 1594-இல் விட்டுவிட்டார்கள். சித்திரவதைக்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று ஊருக்கு நடுவே, பழைய ஒயின் சந்தைத் திடலில், அவர் பெயரில் ஒரு நீரூற்று ஓடுகிறது.