கர்லிங் கிளப்பில் என்னதான் செய்வார்கள்? பெரம்பூர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார், அப்படியே வாசிக்கிறேன். "சார், என் பையன் கிளாஸ்கோவில் மேல்படிப்பு படிக்கிறான். அங்கே ஏதோ கர்லிங் கிளப்பில் சேரப்போகிறானாம். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கிளப் என்கிறான். கிளப் என்றாலே எனக்குப் பக்கென்கிறது. ஐஸில் கல்லைத் தள்ளுவதற்கு ஒரு கிளப்பா? அது எப்படி வந்தது, உள்ளே என்னதான் செய்வார்கள்?"

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. மெட்ராஸில் கிளப் என்றால் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பார், வாசலிலேயே உடைக்கு ஒரு விதி. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதற்காகச் சட்டமன்றத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தக் கிளப்பை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலான கர்லிங் கிளப்புகளுக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. வட்டாரத்துக்கு ஒரு ஐஸ் அரங்கம் இருக்கும். சுற்றுவட்டாரக் கிளப்புகள் ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம் என்று அதை வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர்க்காரருக்கு கேரம் தெரியாமல் இருக்காது. அந்த போர்டை ஐஸில் செய்து, 45 மீட்டர் நீளத்துக்கு இழுத்து, ஸ்ட்ரைக்கருக்குப் பதில் கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட் கல்லைக் கையில் கொடுத்தால் அதுதான் கர்லிங். மறுமுனையில் 12 அடி அகலத்துக்கு ஒரு வட்டம். அணிக்கு 4 பேர், ஆளுக்கு 2 கல். எல்லாக் கல்லும் போய் நின்ற பிறகு, யாருடைய கல் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்தச் சுற்றில் புள்ளி.

டிவியில் பார்த்தால் ஐஸ் கண்ணாடி மாதிரித் தெரியும். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் முதுகில் தண்ணீர்த் தொட்டியை மாட்டிக்கொண்டு, பூவாளித் தலை வைத்த குழாயை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். விழுந்த துளிகள் அப்படியே உறைந்து பொடிப்பொடியாக நிற்கும். கல்லின் அடிப்பக்கம் குழிவானது, ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் அந்தத் துளிகள் மேல் படும். கைப்பிடியை லேசாகத் திருப்பி விட்டால் கல் மெதுவாகச் சுழன்றபடி போய், வேகம் குறையும்போது திருப்பிய பக்கமாக வளையும். முன்னால் இரண்டு பேர் பிரஷ்ஷை வைத்துப் பரபரவென்று தேய்க்கிறார்களே, அந்தச் சூட்டில் உராய்வு குறைந்து கல் இன்னும் கொஞ்ச தூரம் நேராகப் போகும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தேய்ப்பவருக்கு மூச்சு வாங்கும்.

சரி, கிளப் எப்படி வந்தது? 1511 என்று பொறித்த ஒரு கர்லிங் கல் ஸ்டர்லிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவ்வளவு பழைய ஆட்டம். அப்போதெல்லாம் உறைந்த குளம், ஏரிதான் மைதானம். எந்த நாள் உறையும் என்று யாருக்கும் தெரியாது. உறைந்த அன்றே ஆள் சேர வேண்டும், கல்லைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும், குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளப்புக்கான தேவை அங்கேதான் பிறந்தது என்பது என் எண்ணம். கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலேயே கில்சித் என்ற ஊரின் கிளப், 1716-ல் தொடங்கிய நாங்கள்தான் உலகிலேயே மூத்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறது.

ஊருக்கு ஊர் விதி வேறாக இருந்தது. அதை ஒன்றாக்க 1838-ல் எடின்பரோவில் தலைமைக் கிளப் ஒன்று அமைத்தார்கள். 1842-ல் விக்டோரியா ராணி ஸ்கோன் அரண்மனைக்கு வந்தபோது, ஐஸ் இல்லாததால் நடன மண்டபத்தின் பளபளத்த மரத்தரையிலேயே ஆடிக் காட்டினார்கள். மறு வருஷமே கிளப் பெயரில் 'ராயல்' ஒட்டிக்கொண்டது. அதே 1842-ல்தான், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க நம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள் என்பது சும்மா ஒரு கொசுறுத் தகவல்.

வடக்கு ஸ்காட்லாந்து, தெற்கு ஸ்காட்லாந்து என்று கிளப்புகளெல்லாம் பிரிந்து ஒரே ஏரியில் மோதும் பெரிய போட்டி ஒன்று உண்டு. 1847-ல் ஆரம்பித்தது. ஏரி போதுமான கனத்துக்கு உறைந்தால் மட்டுமே நடக்கும் என்பதால், கடைசியாக நடந்தது 1979-ல். 2010 குளிரில் ஏரி நன்றாக உறைந்தும், பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கைவிட்டார்கள். பாவம், அத்தனை வருஷம் காத்திருந்தவர்கள்! கிளாஸ்கோவில் 1907-லேயே உள்ளரங்கம் வந்துவிட்டதால் வாராந்திர ஆட்டம் மட்டும் வானிலையை நம்பி நிற்கவில்லை.

இப்போது உங்கள் பையன் போய் என்ன செய்வான்? செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சீசன். வாரம் ஒரு மாலை கிளப்புக்குள் லீக் ஆட்டம், அப்புறம் பக்கத்து ஊர்க் கிளப்போடு பதக்கத்துக்கு ஒரு போட்டி, அவ்வப்போது வெளியூர்ப் பந்தயம். சாதாரண கிளப் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. என் பிரஷ் கல்லில் பட்டுவிட்டது என்று பட்டவரே சொல்லிவிட வேண்டும். எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். நம் தெரு கிரிக்கெட்டில் அப்படி ஒருத்தர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பானம் வாங்கித் தருவது வழக்கம். நீங்கள் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆரஞ்சு ஜூஸோ டீயோ கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், எதிரணியோடு ஒரே மேசையில் உட்காருவதுதான் அங்கே முக்கியம். வருடாந்திர விருந்தும் உண்டு. பழைய வழக்கப்படி சில கிளப்புகளில் புது ஆளுக்கு ரகசியச் சொல், வேடிக்கை விசாரணை என்று ஒரு விளையாட்டுச் சடங்கும் நடக்கும். பையன் போனில் அப்படி ஏதாவது சொன்னால் பதறிவிடாதீர்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல் அரங்கத்திலேயே இருக்கும், வாங்க வேண்டாம். அதைத் தூக்கவும் வேண்டாம், தள்ளுவது மட்டும்தான். பிரஷ்ஷும், கல்லை விடும்போது சறுக்கிப் போக ஒரு காலடியில் வைக்கும் சறுக்குத் தகடும் ஆரம்பத்தில் அங்கேயே தருவார்கள். கட்டணம் கிளப்புக்குக் கிளப் மாறும், மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். உண்மையான ஆபத்து வழுக்கி விழுவதுதான், பின்மண்டையில் அடிபடலாம். முதல் சில வாரம் தலைக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ரப்பர் அடி வைத்த சுத்தமான ஷூ ஒன்றைத் தனியாக எடுத்துப் போகட்டும். தெருவில் போட்ட ஷூவோடு ஐஸில் ஏறினால் மண் துகள் ஒட்டி, கல் தடம் மாறிவிடும். மூத்த உறுப்பினர்களுக்குக் கோபம் வருகிற விஷயம் அது ஒன்றுதான்.