ஹக்கலையில் பூக்காலம்: எப்போது போவது, எதைப் பார்ப்பது

[காட்சி: மலைப்பாதையில் வளைந்து செல்லும் பஸ்]

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிறவர்களில் பலர் கிரெகரி வாவியைச் சுற்றிவிட்டு, விக்டோரியா பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வெலிமடை, பதுளைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி இன்னும் 10 கிலோமீட்டர் போனால் ஹக்கலை தாவரவியல் பூங்கா. வழியில் சீதா எலியவில் சீதையம்மன் கோயிலைக் கடந்த கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். பூங்கா வாசலிலேயே பஸ் நிற்கும்.

[காட்சி: பூங்காவுக்குப் பின்னால் எழும் ஹக்கலை மலை]

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரம். பரப்பு 28 ஹெக்டேயர்; பேராதனைப் பூங்காவில் பாதிகூட இல்லை. அந்தக் கூட்டமும் இங்கே இல்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க நேரம் கிடைப்பதுதான் எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்தது.

இந்தப் பூங்கா பூவுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. 1861இல் இங்கே நட்டுப் பார்த்தது சிங்கோனா மரத்தை. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து எடுத்தார்கள். பிறகு தேயிலை வந்தது. 1884இல்தான் இது பூங்காவாக மாறியது. நம் மலையகத்தின் தோட்ட வரலாற்றில் பாதி இந்த ஒரு சரிவுக்குள் அடங்கிவிடுகிறது.

[காட்சி: உறைபனி படிந்த புல்வெளி, அடுத்து, மொட்டு விட்ட கிளை]

சரி, குளிர்காலம், வசந்தகாலம் என்று பிரியாத நாட்டில் பூக்காலம் எப்படி வருகிறது?

குளிர்நாடுகளில் பல மரங்கள் பகல் நீள்வதையும் குளிர் விலகுவதையும் உணர்ந்து பூக்கும். இலங்கையிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 50 நிமிடம்தான். அதனால் இங்கே மழையும் வெயிலும்தான் பெரிய அடையாளம். ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைந்து இரவுக் குளிர் கடுமையாகும். சில விடியற்காலைகளில் உறைபனி கொட்டித் தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். மார்ச்சில் வெயில் ஏறும். அப்புறம் பிற்பகல் இடிமழை தொடங்கும். அந்த வறட்சிக்குப் பிறகு வரும் ஈரத்தில்தான் மலை முழுக்கத் துளிர்க்கிறது.

ஆனால் எல்லாம் ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். பல நாட்டு மரங்கள் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கணக்கு. ஒரு மரம் மொட்டு விடும்போது பக்கத்து மரம் உதிர்த்து முடித்திருக்கும்.

[காட்சி: சிவப்புப் பூங்கொத்து, மிக அருகில்]

ரோஜாத் தோட்டத்தை யாரும் தவறவிடமாட்டார்கள், அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான் தேடச் சொல்வது காட்டு ரோடோடென்ட்ரன் மரத்தை. சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள். தடித்த தோல் போன்ற இலை, முறுக்கேறிய அடிமரம், கிளை நுனியில் கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்புப் பூ. இலங்கையில் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரன் இது ஒன்றுதான். ஹக்கலை மலைக்காட்டிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் தானாகவே வளர்கிறது. பூத்த மரத்தடியில் சற்று அசையாமல் நின்றால், தேன் தேடி வரும் சிறு பறவைகளையும் பார்க்கலாம்.

தேயிலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் வைத்திருப்பதால் அதை நாம் செடி என்றே பழகிவிட்டோம். வெட்டாமல் விட்டால் மரமாகும்; நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூக்கும். எத்தனையோ தலைமுறையாகக் கொழுந்து பறித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பூவைக் காட்டியே ஆக வேண்டும்.

[காட்சி: பெரணிகளுக்கு நடுவே நடைபாதை]

காலையிலேயே வந்துவிடுங்கள். ஏப்ரலில் மதியத்துக்குப் பிறகு மூடுபனியும் மழையும் வந்துவிடும். புத்தாண்டு விடுமுறை வாரத்தைத் தவிர்த்து ஒரு வார நாளில் வந்தால் பாதைகள் காலியாக இருக்கும். சுவெட்டர், குடை இரண்டும் வேண்டும். சாப்பாட்டுப் பையைக் குரங்குகளிடமிருந்து மறைத்துப் பிடியுங்கள், அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கீழே உதிர்ந்த பூவை எடுத்துப் பார்க்கலாம், கிளையை வளைக்க வேண்டாம்.

ஏப்ரலில் வர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. ரோஜா ஆகஸ்ட் வரை பூக்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும் என்பதால், மழை விட்ட காலையாகப் பார்த்துக் கிளம்புங்கள்.