பழைய பட்டாளத்தாரின் கல்: படிப்பதும் கழுவுவதும்

வணக்கம். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 1849-இல் தொடங்கிய நகரக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தங்கம் தேடி வந்தவர்கள், வியாபாரிகள், காலராவில் போனவர்கள் என்று எல்லோருக்கும் நடுவே பழைய பட்டாளத்தாரும் அங்கே இருக்கிறார்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறை மாதிரி ஒரே அளவுக் கற்கள் அணிவகுத்து நிற்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவோம். இங்கே பலர் படையை விட்டு வந்து, வேறு பிழைப்புப் பார்த்து, வயதாகி இறந்தவர்கள். குடும்ப மனைகளுக்குள் அங்கங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தளபதிகளைத் தேட வேண்டியதில்லை. 1865 ஜூலை 30-இல் பிரதர் ஜோனத்தன் கப்பலோடு மூழ்கிய ஜார்ஜ் ரைட் இங்கேதான் இருக்கிறார். 1858-இல் தம் முகாமுக்கு வந்த குவால்சன் என்ற யாகமா பழங்குடி வீரரைத் தூக்கில் போட்டவரும் அவரே என்பதை மறக்காமல் பார்ப்பது நல்லது.

சாதாரணச் சிப்பாயை அடையாளம் காட்டுவது அரசு கொடுத்த வெள்ளைச் சலவைக்கல். தனியார், நகரக் கல்லறைகளில் கிடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களுக்கும் அரசுக் கல் உண்டு என்று 1879-இல் சட்டம் வந்தது. முகப்பில் கேடயம் போலக் குடைந்து, அதற்குள் எழுத்தைப் புடைப்பாக விட்டிருப்பார்கள். கம்பெனியின் (ரெஜிமெண்டுக்குள் இருக்கும் சிறு அணி) எழுத்து, ரெஜிமெண்ட் எண், மாநிலத்தின் சுருக்கம், காலாட்படையா குதிரைப்படையா என்ற படை வகை, இதுதான் வரிசை. பல கற்களில் பிறந்த தேதியும் இருக்காது, இறந்த தேதியும் இருக்காது. கேடயம் இல்லாமல், உச்சியில் வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் முதல் உலகப் போருக்குப் பின் வந்த வடிவம்.

எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ், ஷேவிங் நுரை எதையும் பூசாதீர்கள். நுரையிலுள்ள அமிலம் கல்லின் நுண்துளைக்குள் தங்கிவிடும். ஓர் ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுபோய், வெயிலைப் பக்கவாட்டிலிருந்து கல்லின்மேல் சாய்த்து அடியுங்கள். புடைப்பின் நிழல் விழுந்ததும் பெயர் தானே எழுந்து வரும்.

கழுவுவதற்கு முன் விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். சர்க்கரை மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தக் கல்லைத் தொடவே கூடாது. திடமாக இருந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றி நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு கோடாகக் கறை படியும். பாசியைப் பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டாம், மரக்குச்சி போதும். வினிகர் கல்லையே கரைக்கும். பிளீச்சிங் திரவமோ, முதல் நாள் பளிச்சென்று காட்டும். அது விட்டுப்போன உப்பு உள்ளே படிகமாகி, பிறகு மேற்பரப்பை உதிர்த்துவிடும். பழைய கற்களைக் கெடுத்ததில் கம்பி பிரஷுக்கும் பெரிய பங்கு உண்டு.

சாய்ந்த கல்லுக்கு சிமெண்ட் போடாதீர்கள். இன்றைய அரசுக் கல்லே 42 அங்குல நீளம், 4 அங்குலக் கனம், சுமார் 230 பவுண்டு எடை. அடிப்பாகத்தை மண்ணும் சரளையும் இட்டு இடித்து நிறுத்தினால், நிலம் அசையும்போது கல்லும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமெண்டில் இறுகினால் தரைமட்டத்தில் முறியும்.

பெயரே அழிந்துபோன அரசுக் கல்லுக்கு மாற்றுக் கல் விண்ணப்பிக்கலாம், கல்லுக்குக் காசில்லை. ஆனால் முதல் உலகப் போருக்கு முந்தைய சிப்பாய் என்றால் படைப்பட்டியல் அல்லது பென்ஷன் பதிவின் நகல் கேட்பார்கள். நட்டு நிறுத்தும் கூலியும் நம்முடையதுதான்.