பிடியைத் தளர்த்தும் பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம். வயதானவர்களிடம் "தினமும் நடங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நடை நல்லதுதான், ஆனால் விழாமலிருக்க அது மட்டும் போதாது. கால் இடறும் நொடியில் உடலைத் தாங்கி நிமிர்த்துவது கணுக்கால், தொடை, இடுப்புத் தசைகள். அவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 1990களில் இதற்கென்றே ஒரு வீட்டுப் பயிற்சியை உருவாக்கியது. வாரம் 3 நாள், அரை மணி நேரம். 80 வயதைத் தாண்டிய பெண்களே செய்தார்கள், விழுவது குறைந்தது.

தனியாக இருப்பவர்களுக்குச் சமையல் மேடைதான் சரியான இடம். அது நகராது. பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிக்காதீர்கள், சாய்ந்துவிடும். தரை உலர்ந்திருக்கட்டும். சேலையோ வேட்டியோ, கரை கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். போன் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு செய்ய வேண்டாம். வழுக்காத செருப்பு, பின்பட்டையோடு.

முதலில் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள், 10 முறை. பிறகு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால், குதிகால் விரல்களைத் தொடும்படி மறு பாதத்தை வைத்து 10 நொடி நில்லுங்கள். கால் மாற்றி இன்னொரு முறை. கண் நேரே பார்க்கட்டும். தரையைப் பார்த்தால் தலை தாழும், உடலும் முன்னால் சாயும்.

பலரும் தவறுவது இங்கேதான். மேடையை இறுகப் பிடித்தால் சமநிலையைக் கைகளே காத்துவிடும். கால் ஒன்றும் கற்காது. இரண்டு கையில் தொடங்கி, 10 நொடி ஆடாமல் நிற்க முடிந்ததும் ஒரு கை, பிறகு விரல் நுனி, அப்புறம் மேடைக்கு மேலே தொடாமல் கை. லேசாக ஆட வேண்டும், அந்த ஆட்டம்தான் பயிற்சி. ஆனால் கண்ணை மூடிச் செய்வதைத் தனியாக இருக்கும்போது முயலவே வேண்டாம்.

கடைசியாக, சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 5 முறை. முடிந்தால் கை ஊன்றாமல். பொத்தென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும். தொடைக்கு வலு சேர்ப்பது மெல்ல இறங்கும் அந்தப் பகுதிதான். மூச்சை அடக்காதீர்கள்.

எழும்போது கண் இருண்டால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரை காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை விழுந்தவர்கள், முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டே தொடங்குங்கள்.